லொறி வீடியோ: கெமரா வாங்குவதற்கு முன் ஒரு மைக் வாங்குங்கள்

கேள்வி: தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி திருகோணமலைக்கு லொறி ஓட்டுகிறேன். பயணத்தைப் போனில் எடுத்து யூடியூப்பில் போடுகிறேன். எஞ்சின் இரைச்சலில் நான் கதைப்பது விளங்கவில்லை என்கிறார்கள். படமும் நடுங்குகிறது, வெளிறிப் போகிறது. நல்ல கெமரா வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் சனம் பொறுத்துக்கொள்ளும். பேச்சு விளங்காவிட்டால் அரை நிமிடம் கூட நிற்காது.

முன்கண்ணாடியில் இருக்கும் போனுக்கும் உங்கள் வாய்க்கும் இடையில் முக்கால் மீற்றராவது இருக்கும். சட்டையில் கொளுவும் சின்ன மைக்கோ ஒரு சாண் தூரத்தில் இருக்கும். தூரம் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும், ஆனால் எஞ்சின் சத்தம் அதே அளவில்தான் இருக்கும். கெமராவுக்கு எவ்வளவு கொட்டினாலும் இந்த வித்தியாசம் கிடைக்காது. மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, யன்னலையும் ஏற்றிவிடுங்கள்.

மிச்ச உறுமலை எடிட்டிங்கில் குறைக்கலாம். நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்றில் ஓடும்போது அதன் அடி உறுமல் 60 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 அதிர்வு. ஆண்குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 85க்கு மேல். எனவே எடிட்டிங் செயலியில் 80 ஹேர்ட்ஸில் 'லோ கட்' (அதற்குக் கீழுள்ள சத்தத்தை வெட்டும் வசதி) வைத்தால் உறுமலின் அடிப்பகுதி போய்விடும், குரல் தப்பும். கூட வெட்டினால் தகரப் பெட்டிக்குள் இருந்து கதைப்பது போலாகிவிடும். நீளமான கதை ஏதும் இருந்தால், ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

சரி, படம். வெளிறுவதற்குப் பாதிக் காரணம் டேஷ்போர்ட். ஒருநாள் நண்பரின் லொறியில் போனபோது எடுத்த வீடியோவில், வானத்துக்கு நடுவே மரக்கறி பில் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. முன்னால் கிடந்த வெள்ளைத் தாள் கண்ணாடியில் தெறித்திருக்கிறது! அங்கே கிடப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, மினுக்கம் இல்லாத கறுப்புத் துணி விரியுங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடையுங்கள். விடியற்காலையில் ஹபரணை தாண்டி கந்தளாய்ப் பக்கம் வரும்போது வெயில் பெரும்பாலும் முகத்துக்கு நேரே அடிக்கும், அப்போது அந்தத் தூசுப் படலமே திரையாகிவிடும். புறப்படுமுன் போன் திரையில் தூரத்து றோட்டை அழுத்திப் பிடித்து ஃபோக்கஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கெமரா கண்ணாடியில் ஒட்டிய பூச்சியைத்தான் தேடிப் பிடிக்கும். ஓடும்போது போனைத் தொடவே வேண்டாம்.

நடுக்கத்துக்குக் காரணம் நீட்டுக் கை உள்ள ஸ்டாண்ட். கை குட்டையான, உறிஞ்சிப் பிடிக்கும் ஸ்டாண்டை, நடுவே றப்பர் வைத்துப் பொருத்துங்கள். பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கெமராவைப் பழுதாக்கக்கூடும் என்று அப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. விலை கூடிய போனை மணிக்கணக்காக அங்கே மாட்டிவைக்காதீர்கள்.

அப்புறம், சீனன்குடாவிலும் துறைமுகப் பக்கமும் படை முகாம்கள் வரும் இடங்களில் கெமராவை நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்துக்குப் பதிலாக மூடை அடுக்குவதையும் கயிறு இறுக்குவதையும் கிட்ட நின்று எடுத்துச் சேர்க்கலாம். எனக்கென்றால் றோட்டைவிட அதுதான் பார்க்கப் பிடிக்கும்.

அடுத்த பயணத்தில் முதலில் 2 நிமிடம் மட்டும் எடுத்து, நிறுத்தி, ஹெட்போனில் கேளுங்கள். சிக்னல் லைட்டின் டிக் டிக் சத்தத்துக்கு மேலாக உங்கள் சொல் ஒவ்வொன்றும் விளங்கினால் மைக் சரியான இடத்தில் இருக்கிறது.