நீச்சல் தெரியாத குடும்பம் ராஃப்டிங் போகலாமா?

கேள்வி: பெரம்பூரில் கூட்டுக்குடும்பம் நாங்கள். எட்டு வயது மகனிலிருந்து 63 வயது மாமியார் வரை பத்துப் பேர். ரிஷிகேஷ் வீடியோ பார்த்துவிட்டு கொழுந்தனார் எல்லோரையும் ராஃப்டிங் கிளப்புகிறார். யாருக்கும் நீச்சல் தெரியாது. ஒகேனக்கல் பரிசல் மாதிரிதானே, போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் பரிசல் மாதிரி இல்லை. பரிசலில் ஓட்டுகிறவர் பாடுபடுவார், நாம் வேடிக்கை பார்ப்போம். ராஃப்ட் என்பது சீறிப் பாயும் ஆற்றில் போகும் காற்றடைத்த ரப்பர் படகு; அதில் கைடு பின்னாலிருந்து குரல் கொடுக்க, எல்லோரும் துடுப்பு போட்டாக வேண்டும்.

ரிஷிகேஷை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சின்னப் பிள்ளைகளை அங்கே ஏற்ற மாட்டார்கள், மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங்கே கிடையாது. உங்களுக்கு கர்நாடகாவில் குடகு மாவட்டத்து துபாரே சரி. ராத்திரி மைசூருக்கு ரயில் ஏறினால் அங்கிருந்து குஷால்நகர் பக்கம், நம்ம காவிரிதான். மழை உச்சத்தில் போகாதீர்கள், வெள்ளம் தணிந்தபின் பெரும்பாலும் சாதுவாக ஓடும். அதே கர்நாடகாவில் தண்டேலியில் காளி ஆறும் நல்ல இடம், ஆனால் அங்கே தண்ணீர் சூபா அணையைத் திறந்தால்தான் வரும், அதனால் ரயில் டிக்கெட் போடும் முன்பே போன் செய்து கேட்டுவிடுங்கள். ஆறு எவ்வளவு கடினம் என்பதை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். உங்களுக்கு 1, 2 போதும். அதே ஆறு தண்ணீர் ஏறினால் தரமும் ஏறும், எனவே "இன்றைக்கு என்ன தரம், பையனை ஏற்றுவீர்களா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

நீச்சல் தெரியாதது பெரிய விஷயமில்லை, லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், இறுக்கமாக இருந்தால். ஒருமுறை எனக்குக் கொடுத்ததில் பட்டை தளர்ந்திருந்தது. விழுந்ததும் ஜாக்கெட் காதுவரை ஏறிக்கொண்டது, ஆற்றுத் தண்ணீர் நன்றாகவே குடித்தேன். ஜாக்கெட்டின் தோள் பக்கத்துப் பட்டையைப் பிடித்து ஒருவரையொருவர் தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் மேலே வந்தால் மறுபடி இறுக்குங்கள். தவறி விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் மேலே தூக்கி மிதக்க வேண்டும். முழங்கால் ஆழம்தானே என்று எழுந்து நின்றுவிடாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் நீர் ஆளைச் சாய்த்து அமுக்கிவிடும்.

மாமியாருக்கு இதயப் பிரச்சினை, இடுப்பு வலி ஏதாவது இருந்தால் படகு கரை சேரும் இடத்தில் மாற்றுத்துணியோடு காத்திருக்கட்டும். புடவை, துப்பட்டா வேண்டாம். நகையை அறையில் வையுங்கள், கண்ணாடியைக் கயிறு கட்டி மாட்டுங்கள்.

கொழுந்தனாரிடம் ஒன்று சொல்லுங்கள்: துடுப்பின் மேல் பிடியிலிருந்து கையை எடுக்கவே கூடாது, எடுத்தால் அது பக்கத்திலிருப்பவர் பல்லைத்தான் பதம் பார்க்கும். பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்பதை அவர் மனைவியே முடிவு செய்யட்டும்.