ஏழு நாளில் எத்தனை மைதானம்?

வணக்கம் சார்,

வரும் ஜூனில் நாங்கள் நான்கு நண்பர்கள் ஏழு நாள் இங்கிலாந்து போகிறோம், கோல்ஃபுக்காகவே. சாண்ட்விச், சன்னிங்டேல், வெஸ்ட்வர்ட் ஹோ, ஹாய்லேக், பர்க்டேல், லிதம் மைதானங்கள் எல்லாவற்றிலும் ஆடிவிட வேண்டும். எதில் தொடங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இந்தப் பட்டியலோடு போனால் நீங்கள் ஆடுவதைவிட கார் ஓட்டுவதுதான் அதிகமாக இருக்கும். சாண்ட்விச் தென்கிழக்கு மூலையில், வெஸ்ட்வர்ட் ஹோ தென்மேற்கில், லிதம் வடமேற்கில். பாதியை வெட்டுங்கள். நானாக இருந்தால் வடமேற்கில் லிவர்பூலுக்கு மேலே இருக்கும் சௌத்போர்ட்டில் அறை எடுத்துக்கொண்டு அந்தக் கடற்கரையை விட்டு நகரவே மாட்டேன்.

காரணம், லிவர்பூலிலிருந்து சௌத்போர்ட் போகும் உள்ளூர் ரயில். ஃப்ரெஷ்ஃபீல்டில் இறங்கினால் ஃபார்ம்பி மைதானம், ஹில்சைடில் இறங்கினால் ராயல் பர்க்டேல், அதை ஒட்டியே ஹில்சைடு மைதானம். பர்க்டேலில் ஃபேர்வே, அதாவது புல் வெட்டிய ஆடுபாதை, மணல்மேடுகளின் மேல் ஏறாது, நடுவில் தட்டையாகவே ஓடும், அதனால் பந்து எங்கே போய் நிற்கும் என்று ஓரளவு கணிக்கலாம். ஹில்சைடுக்கு அவ்வளவு புகழ் இல்லை, ஆனால் அதன் பின்பாதி ஒன்பது ஹோல்களை பர்க்டேலுக்கு ஈடாகவே வைப்பேன், பெயருக்காக மட்டும் வருகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். ஹாய்லேக்குக்கு லிவர்பூல் சென்ட்ரலில் ரயில் மாறினால் போதும்.

லிதம் வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரியும். நம்பாதீர்கள், நடுவில் ரிபிள் ஆற்றின் முகத்துவாரம், பிரெஸ்டன் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே கடல் கண்ணில் படாது, சுற்றிலும் வீடுகளும் ரயில் பாதையும்தான், முதல் ஹோலே பார் 3, மூன்று அடியில் முடிக்க வேண்டிய குட்டி ஹோல். ஆனால் 17வது ஹோலின் இடதுபக்க மணலில் ஒரு பலகை இருக்கிறது, 1926 பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் கடைசிச் சுற்றில் அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸ் அங்கிருந்துதான் பந்தை நேரே குழி இருக்கும் கிரீனில் ஏற்றி, பட்டத்தையும் வென்றார். அங்கே போய் நின்று கிரீனைப் பாருங்கள், பாதி தெரியாது.

அப்புறம், இதெல்லாம் உறுப்பினர்களின் கிளப். வெளியாட்களுக்குப் பெரும்பாலும் வார நாட்களில் சில மணி நேரம்தான், பெரிய பெயர்களில் கோடைக்கால இடங்கள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். எனவே விமான டிக்கெட்டுக்கு முன்னால் டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கான முன்பதிவு, வாங்குங்கள். நால்வரும் உங்கள் ஆட்டத் தரத்தைச் சொல்லும் ஹேண்டிகேப் சான்றிதழை உங்கள் கிளப்பிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று தாராளமாக ஆடலாம், கால் தாங்கினால். அங்கே நடந்துதான் ஆடுவார்கள், பக்கி வண்டியை எதிர்பார்க்காதீர்கள்.

வெஸ்ட்வர்ட் ஹோவை வெட்டச் சொல்வதுதான் எனக்கே வருத்தம். 1864லிருந்து அதே நிலத்தில் ஆடுகிறார்கள், பொதுநிலம் என்பதால் செம்மறியாடுகளும் குதிரைகளும் ஃபேர்வேயில் மேயும். அதற்குத் தனியாக ஒருமுறை போங்கள். சாண்ட்விச்சும் அப்படித்தான், பக்கத்திலேயே பிரின்சஸ், டீல் மைதானங்களும் இருப்பதால் அதுவே ஒரு வாரத்துக்குப் போதும்.

லண்டன் வழியாகத்தான் திரும்புகிறீர்கள் என்றால் கடைசி நாளுக்கு சன்னிங்டேலின் ஓல்டு மைதானத்தில் இடம் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் பாதி ஆட்டத்தில் வரும் குடிலில் சாசேஜ் சாண்ட்விச் சாப்பிடாமல் வராதீர்கள். சைவம் என்றால் டீயோடு சரி.