வானொலி நகைச்சுவை நிகழ்ச்சியின் தொகுப்பாளர் இறந்துவிட்டால் நிகழ்ச்சியையும் நிறுத்திவிடுவதுதானே முறை?

நிறுத்தக் கூடாது என்பதுதான் என் பதில். ஆனால் 2008 ஏப்ரலில் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால், "நிறுத்திவிடுங்கள், அவர் இடத்தில் இன்னொருவரா?" என்று கோபப்பட்டிருப்பேன். என் மனம் எப்படி மாறியது என்பதையே பதிலாக எழுதுகிறேன்.

அப்போது நான் லண்டனில் கென்டிஷ் டவுன் பகுதியில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரர் தனியாக வசித்தார். எழுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்கு அவருடைய சமையலறையில் பிபிசி ரேடியோ 4 ஒலிக்கும். 'ஐ'ம் சாரி ஐ ஹேவன்ட் எ குளூ' என்பது நிகழ்ச்சியின் பெயர். 'மன்னிக்கவும், எனக்கு ஒன்றுமே தெரியாது' என்று சொல்லலாம். கேட்பவர்கள் சுருக்கமாகக் 'குளூ' என்பார்கள். 1972-இல் தொடங்கியது. நான்கு பேர் உட்கார்ந்து அர்த்தமே இல்லாத போட்டிகளை ஆடுவார்கள். ஒரு பாட்டின் வரிகளை வேறொரு பாட்டின் மெட்டில் பாடுவார்கள். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களின் பெயர்களை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார்கள்; 'மார்னிங்டன் கிரெசன்ட்' என்று முதலில் சொல்பவர் வென்றவர். அதற்கு விதி என்று எதுவும் கிடையாது. ஆனால் நூற்றாண்டுக் கால மரபுள்ள ஆட்டத்தைப் போல அதன் நுணுக்கங்களை விவாதிப்பார்கள்.

இவர்களை நடத்தியவர் ஹம்ஃப்ரி லிட்டில்டன். 1921-இல் பிறந்த ஜாஸ் டிரம்பெட் கலைஞர். 1956-இல் வெளிவந்த அவருடைய 'பேட் பென்னி ப்ளூஸ்' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதல் இருபதுக்குள் வந்தது. அந்த இசைத்தட்டு வீட்டுக்காரரிடம் இருந்தது. உறையிலிருந்து அதை எடுக்கும்போது விரல் விளிம்பைத் தாண்டி உள்ளே படாது. மெல்லிய துணியால் ஒரு சுற்றுத் துடைத்த பிறகுதான் ஊசியை வைப்பார்.

தொகுப்பாளராக லிட்டில்டனின் கலை தனி. கொஞ்சம் சலிப்போடு, 'இந்த வயதில் நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்' என்கிற குரலில் பேசுவார். இரட்டை அர்த்த வசனங்களை, தனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும் என்பதுபோல வாசிப்பார். அரங்கம் அதிரும், அவர் குரலில் வியப்பு மட்டும் இருக்கும். நிகழ்ச்சியை முடிக்கும்போது காலத்தையும் விதியையும் பற்றி அபத்தமான ஒரு பெரிய உவமை சொல்லி விடைபெறுவார்.

2008 ஏப்ரல் 25 அன்று, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியில் இருந்த வீக்கத்துக்கான அறுவை சிகிச்சைக்குப் பின், 86 வயதில் அவர் இறந்தார். அந்த வசந்தகாலத்துக்கான தொடர் கைவிடப்பட்டது. வீட்டுக்காரர் "இத்தோடு முடிந்தது" என்று மட்டும் சொன்னார். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கொண்டாடுவதில்லை. பொங்கலுக்குப் பானை ஏறாது, தீபாவளிக்குப் பலகாரம் சுடுவதில்லை. தலைத் திவசம் கழிந்த அடுத்த பண்டிகைக்கு அதே வீட்டில் அடுப்பு எரியும். இறந்தவரை மறந்துவிட்டார்கள் என்று அப்போது ஊரில் யாரும் பேசமாட்டார்கள். 'குளூ' குழுவினருக்கு நம் வழக்கம் தெரிந்திருக்காது. ஆனாலும் அவர்கள் செய்தது ஏறக்குறைய இதுதான். 2008 ஏப்ரலுக்குப் பிறகு புதிய நிகழ்ச்சி வந்தது 2009 ஜூனில். மறு மாதமே இன்னொருவரை உட்கார வைத்திருந்தால், இன்றைக்கும் நான் 'நிறுத்த வேண்டும்' கட்சியில்தான் இருப்பேன்.

அந்த நிகழ்ச்சிக்கு மரணம் புதியதும் அல்ல. 1974 முதல் ஆடிவந்த வில்லி ரஷ்டன் 1996 டிசம்பரில் இறந்தார். அவருடைய இடத்துக்கு நிரந்தரமாக யாரையும் அமர்த்தவில்லை. மாறி மாறி விருந்தினர்கள் வந்தார்கள். பழுதுபார்ப்புக்காக 1992-இல் மூடப்பட்டிருந்த மார்னிங்டன் கிரெசன்ட் நிலையம் 1998 ஏப்ரலில் மறுபடியும் திறக்கப்பட்டபோது, திறந்து வைத்தவர்கள் இந்த நிகழ்ச்சிக்காரர்கள். ரஷ்டனுக்கு அங்கே ஒரு நினைவுப் பலகையும் உண்டு. ஒரு முறை அதைப் பார்ப்பதற்காகவே நான் அங்கு இறங்கினேன். அதன் முன் நின்றபோதுதான், ரஷ்டன் போன பிறகு லிட்டில்டனே பதினோரு ஆண்டுகளுக்கு மேல் இந்த நிகழ்ச்சியை நடத்தியிருக்கிறார் என்பது உறைத்தது. நண்பர் போனதும் நிறுத்திவிட வேண்டும் என்று அவரே நினைக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி நிறுத்தச் சொல்ல நான் யார்?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1972-இன் முதல் தொடரில் சில நிகழ்ச்சிகளை நடத்தியவர் பேரி கிரையர். ஆட்டத்தை உருவாக்கியவர் கிரேயம் கார்டன். தொகுப்பாளர் வாசிக்கும் வசனங்களைப் பல ஆண்டுகளாக எழுதிவந்தவர் இயன் பாட்டின்சன். லிட்டில்டன் போன பின்னும் பழைய ஆட்டக்காரர்களான கார்டன், கிரையர், டிம் புரூக்-டெய்லர் மூவரும் இருந்தார்கள். பியானோவில் காலின் செல் இருந்தார். பாட்டின்சனின் பேனாவும் இருந்தது. லிட்டில்டனின் பக்கத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவர்கள் தொடரலாம் என்று முடிவு செய்தால், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்களே வேண்டாம் என்று சொல்லி, வானொலி நிலையம் மட்டும் பெயரை வைத்துக்கொண்டு புது ஆட்களோடு ஓட்டியிருந்தால் அதை நான் ஏற்கமாட்டேன்.

2009-இல் முதலில் ஸ்டீஃபன் ஃபிரை, ஜாக் டீ, ராப் பிரைடன் என மூவர் முறை வைத்து நடத்தினார்கள். பிறகு ஜாக் டீ நிலைத்தார். டீ எப்போதும் கடுகடுவென்று இருப்பவர். லிட்டில்டனின் அப்பாவித்தனம் அவரிடம் கிடையாது, அதை வரவழைத்துக்கொள்ளவும் அவர் முயலவில்லை. லிட்டில்டனின் குரலை யாராவது அப்படியே செய்து காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் வானொலியை அணைத்திருப்பேன்.

ரேடியோ 4-இன் இன்னொரு நகைச்சுவைப் போட்டியான 'ஜஸ்ட் எ மினிட்' நிகழ்ச்சியும் இதே வழியில் போனது. 1967 முதல் அதை நடத்திய நிக்கலஸ் பார்சன்ஸ் 2020 ஜனவரியில் 96 வயதில் இறந்தார். 2021-இல் சூ பெர்கின்ஸ் பொறுப்பேற்றார்.

பழைய ஒலிப்பதிவுகளே போதாதா என்று சிலர் கேட்பார்கள். அவை எனக்கும் உயிர். ஆனால் பழைய பதிவில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நகைச்சுவைக்கு அந்தத் தெரியாமை வேண்டும். புரூக்-டெய்லர் 2020-இல் கொரோனாவில் போனார், கிரையர் 2022-இல் போனார். 2008-இலேயே கடையைக் கட்டியிருந்தால், அவர்கள் அத்தனை ஆண்டுகள் ஆடிய ஆட்டம் நமக்குக் கிடைத்திருக்காது.

2009 ஜூனில் ஒரு திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, மாடிப்படியின் அடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அந்த நிகழ்ச்சியின் தொடக்க இசை கேட்டது. வீட்டுக்காரர் வைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புதுத் தொகுப்பாளர் பேசினார், உள்ளே சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கிரையரின் கரகரத்த குரல் வந்தது. என்ன சொன்னார் என்பது கதவைத் தாண்டிப் புரியவில்லை. வீட்டுக்காரர் இருமலும் சிரிப்புமாகச் சிரிக்கத் தொடங்கினார். ஒற்றை ஷூவோடு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.