கோப்பி ஏறிய துறைமுகம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தோட்டத்துப் பழைய பங்களாவைத் துப்புரவு செய்தபோது மூன்றடி நீளப் படமொன்று கிடைத்தது. கொழும்புத் துறைமுகம். நிறையக் கப்பல்கள், கிடங்குகள், கடலுக்குள் பாதியில் நிற்கும் கற்சுவர். ஆண்டு போடவில்லை. மேலிருந்து கீழாக மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன; கிழிசலோ தெரியவில்லை. ‘நம் முன்னோர் வந்திறங்கிய துறைமுகம்’ என்று எழுதி வாசிகசாலையில் மாட்டப் போகிறோம். எந்த மரத்தில் சட்டம் போடலாம்?

– வாசகர், அட்டன்

அன்புள்ள தம்பி,

கிழிசல் இல்லை. அது மரச்செதுக்கு அச்சு. பெரிய படமென்றால் சிறு சிறு கட்டைகளைப் பூட்டிச் செதுக்குவார்கள். பொருத்து வெள்ளையாகத் தெரியும். அது கிடக்கட்டும்.

வந்திறங்கிய துறைமுகமா? யார் சொன்னது? கையில் இருக்கும் படத்தை ஒழுங்காகப் பார்த்தீர்களா? அந்தப் பாதிச் சுவர் அலைதடுப்பு. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் வைத்தார், 1885இல் கட்டி முடித்தார்கள். படம் அந்தப் பத்து வருடத்துக்குள் வரைந்தது. அப்போது தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம்மாட்களில் பெரும்பாலானோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் கூட்டங்கூட்டமாக இறங்கியது பிந்திய கதை.

போன கிழமை என் அப்பாயியின் திதி. அவளை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. பள்ளிக்கூடம் போய்வந்து லயத்து வாசலில் கால்வலி என்று நான் உட்கார்ந்தால், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கத்துவாள்: “மன்னாருலருந்து நடந்து வந்தவ வயித்துல பொறந்தவ நானு. ரெண்டு கட்டை நடக்க ஒனக்கு அழுகையா?” அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொன்னதை எழுதிவைக்க எனக்கும் தோன்றவில்லை. உங்களைத் திட்டுவதில் பாதி எனக்கு.

தெற்கே காலித் துறைமுகத்தை விட்டுக் கப்பல்கள் கொழும்புக்கு வந்தது அந்தச் சுவரால். சுவருக்கு முன்பே அங்கே வந்து குவிந்தது நம் மலைக் கோப்பி. அதற்காகத்தான் 1867இல் கண்டிவரை ரயில் வந்தது. சுவர் வளர்ந்த வருடங்களில் இங்கே இலைநோயில் கோப்பி செத்துக்கொண்டிருந்தது. தேயிலை அப்புறம். படத்துக்குக் கீழே ‘கோப்பி ஏறிய துறைமுகம்’ என்று எழுதுங்கள். பக்கத்தில் மன்னார்–மாத்தளைப் பாதையை யாராவது ஒரு பிள்ளையை வரையச் சொல்லி மாட்டுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

சட்டமா? எந்த மரமானாலும் சரி. ஈரச் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.