வாலி படத்துல அண்ணன் தேவாவுக்கு பிரியா மேல இருக்கறது காதலா, பொறாமையா?

ரெண்டும் கலந்த மாதிரிதாங்க தெரியும், ஆனா காதல்னோ பொறாமைன்னோ சொல்ல எனக்கு மனசு வரல. 1999ல எஸ்.ஜே.சூர்யா எடுத்த படம், அஜித் டபுள் ரோல், அண்ணனுக்கு காது கேக்காது பேச்சும் வராது, உதட்டசைவ பாத்தே எல்லாத்தையும் புரிஞ்சுக்குவான். பிரியா எனக்குத்தான், தம்பி பொண்டாட்டியே ஆனாலும் எனக்குத்தான்னு நினைக்கறான் பாருங்க, அங்கதான் பிரச்சனை. அவளுக்கு என்ன வேணும்னு ஒரு தடவ கூட யோசிக்கமாட்டான்.

பொறாமைங்கறது கையில இருக்கறது போயிடுமோங்கற பயம். இவனுக்கு கையில எதுவுமே இல்ல, மனசுக்குள்ளயே ஒரு பிரியாவ செஞ்சு வச்சுட்டு நெஜ பிரியாவ அதுக்குள்ள திணிக்கப் பாக்கறான். ஆசைப்பட்ட ஆளும் என்னை விரும்பறாங்கன்னே ஒருத்தர் முழுசா நம்பிட்டா அதுக்கு மனநல மருத்துவத்துல எரோட்டோமேனியான்னு பேரு, தேவா அது இல்ல, அவனுக்கு அவ தம்பியத்தான் விரும்பறான்னு நல்லாவே தெரியும். தெரிஞ்சே செய்றான், அதான் பயம்.

சேலத்துலருந்து ஏற்காடு போறப்ப என் கூட வந்த பையன் ஒருத்தன், கொண்டை ஊசி வளைவுல சிக்னல் போனதுக்கே வேர்த்து ஊத்தி, லவ்வர் எங்க இருக்கான்னு தெரியணும்னு போனை ஜன்னலுக்கு வெளிய நீட்டிட்டே வந்தான். மேல ஏரிகிட்ட இறங்குனதும் 14 மிஸ்டு கால் குடுத்தான், அந்தப் பொண்ணு காலேஜ் பரிச்சைல இருந்துச்சு. அன்னைக்கு அவன் மூஞ்சிய பாத்தப்ப எனக்கு தேவாதான் ஞாபகம் வந்தான்.