அப்பாவுக்கு 73 வயது, டிபிஎஸ் ஆபரேஷன் செய்யலாமா?

தென்காசியிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 73 வயது, நடுக்கமும் விறைப்பும் தரும் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்து 11 வருடம். சின்டோபா மாத்திரை நாளைக்கு ஆறு வேளை. போட்ட முக்கால் மணி நேரத்தில் எழுந்து தெருமுனைக் கோயில் வரை தனியாகப் போய்வருகிறார். இரண்டரை மணி நேரம் கழித்து மறுபடி விறைத்து உட்கார்ந்துவிடுகிறார், நடுவில் கொஞ்ச நேரம் உடம்பு தன்னால் நெளிகிறது. மூளைக்குள் கம்பி வைக்கும் டிபிஎஸ் ஆபரேஷனை டாக்டர் சொல்லியிருக்கிறார். 'இந்த வயசுல மண்டையைத் துளைக்கணுமா' என்று சித்தப்பா தடுக்கிறார். செய்யலாமா, எவ்வளவு செலவாகும், செய்தால் குணமாகிவிடுமா என்று கேட்கும் அவர், கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'ராத்திரியில் வாசல்ல யாரோ நிக்கிறாங்கன்னு சொல்றார், அது வயசாலதான் இருக்கும்.'

சித்தப்பாவின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். 73 வயது என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 70-ஐத் தாண்டினால் தயங்குகிற மருத்துவமனைகள் உண்டுதான், ஆனால் 75 வயதிலும் செய்துகொண்டு நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 255 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், மற்றதற்கு மாத்திரை மட்டும் என்று ஆறு மாதம் கவனித்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது, அதில் 70-ஐத் தாண்டியவர்களும் இருந்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு, தொல்லை தரும் நெளிவு இல்லாமல் நன்றாக இயங்கும் நேரம் நாளைக்குச் சராசரியாக 4.6 மணி கூடியது. அதே ஆய்வில் கடுமையான பக்க விளைவுகளும் ஆபரேஷன் பிரிவில்தான் அதிகம், மூளையில் ரத்தம் கசிந்து ஒருவர் இறந்தும்போனார். இரண்டையும் சேர்த்துச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். ரத்தக்கசிவால் பாதிப்பு வருவது நூற்றில் ஓரிருவருக்கு என்ற அளவில்தான், ஆனால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதை இதய டாக்டரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வயதைவிட எனக்கு முக்கியமானது, மாத்திரை நன்றாக வேலை செய்யும் அந்த இரண்டரை மணி நேரத்தில் அப்பாவால் என்னென்ன முடிகிறது என்பது. டிபிஎஸ் பெரும்பாலும் அந்த நல்ல நேரத்தை நாள் முழுக்க நீட்டிக் கொடுக்கும், அதைவிட நல்ல நிலைக்குக் கொண்டுபோகாது. மாத்திரைக்குப் பணியாத நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, அது டிபிஎஸ்ஸில் நன்றாகவே அடங்கும். நல்ல நேரத்திலும் ஒருவர் தடுக்கி விழுகிறார், பேச்சு குழறுகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்றால் இவை எதுவும் ஆபரேஷனால் சரியாகாது, பேச்சு இன்னும் கொஞ்சம் மோசமாகக்கூட ஆகலாம். உங்கள் அப்பா அந்த நேரத்தில் கோயில் வரை தனியாகப் போய்வருகிறார் என்பது ரொம்ப நல்ல அறிகுறி.

இதை ஆஸ்பத்திரியில் முறையாகவே சோதிப்பார்கள். முந்தின ராத்திரியோடு மாத்திரையை நிறுத்தி, காலையில் விறைத்திருக்கும்போது ஒரு மதிப்பெண், மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் பொறுத்து இன்னொன்று. குறைந்தது 30 சதவீதமாவது முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது பார்க்கின்சன்தானா, அதைப்போலவே தோன்றும் வேறு நோயா என்றே யோசிக்க வேண்டிவரும், அந்த நோய்களுக்கு டிபிஎஸ் உதவாது. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, காலையில் முதல் மாத்திரைக்கு முன்னால் ஒரு தடவை, போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை மொபைலில் வீடியோ எடுப்பது. கையில்லாத நாற்காலியிலிருந்து எழுவது, பத்தடி நடந்து திரும்புவது, கையை மடக்கி விரிப்பது, இது போதும். கூடவே ஒரு நோட்டில் எந்த மணிக்கு மாத்திரை, எந்த மணிக்கு நடை, எப்போது நெளிவு என்று மூன்று நாள் எழுதிக்கொண்டு போங்கள். பதினைந்து நிமிட கன்சல்டேஷனில் நீங்கள் வாயால் சொல்வதைவிட டாக்டருக்கு அது அதிகம் சொல்லும்.

இப்போது அந்தக் கடைசி வரி. வாசலில் யாரோ நிற்பதாகச் சொல்வதை வயதின் தலையில் போட்டுவிடாதீர்கள், உங்கள் கடிதத்திலேயே நான் அதிகம் கவலைப்பட்ட வரி அதுதான். இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மருந்து. நடுக்கத்துக்காகக் கொடுக்கும் பேசிடேன், நெளிவுக்கான அமான்டடின், விறைப்புக்கான பிரமிபெக்சால் இவையெல்லாம் வயதானவர்களுக்கு இப்படி இல்லாததைக் காட்டும், அதிலும் பேசிடேன் ஞாபகத்தையும் மந்தமாக்கிவிடும். அப்பாவின் மருந்துச் சீட்டில் இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் விறைப்பு பயங்கரமாகிவிடும். இரண்டாவது காரணம், பார்க்கின்சனோடு வரும் மறதி நோய் தொடங்கியிருப்பது. அப்படியானால் ஆபரேஷனுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் கை கால் இலகுவாகியும் குழப்பம் அதிகமாகி, வீட்டில் பார்த்துக்கொள்வது முன்பைவிடக் கஷ்டமாகிவிடலாம். அதனால் முதலில் நரம்பியல் டாக்டரிடம் இதைச் சொல்லி, மருந்தைப் படிப்படியாக மாற்றி, திடீரென்று தொடங்கியது என்றால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்றும் பார்த்து, அப்புறம் விரிவான ஞாபகப் பரிசோதனை. மருந்தை மாற்றியதும் வாசலில் நிற்பவர் மறைந்து, பரிசோதனையும் நன்றாக வந்தால் வழி திறக்கிறது. மனச்சோர்வு இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

ஆபரேஷன் எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, எம்ஆர்ஐ, சிடி படங்களை வைத்துக் கணக்கிட்டு, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய துளை வழியாக மூளையின் ஆழத்தில் சில மில்லிமீட்டரே உள்ள ஒரு பகுதிக்கு மெல்லிய கம்பியை இறக்குவார்கள், பெரும்பாலும் இரண்டு பக்கமும். மூளைக்கு வலி தெரியாது என்பதால் பல இடங்களில் விழித்திருக்க வைத்தே செய்வார்கள், 'கையை மடக்குங்க, ஒண்ணு ரெண்டு எண்ணுங்க' என்று கேட்டுக்கொண்டே. மாத்திரை இல்லாமல் மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பது வயதானவர்களுக்குச் சிரமம்தான், முதுகுவலி இருந்தால் முன்பே சொல்லுங்கள், மயக்கம் கொடுத்துச் செய்யும் இடங்களும் உண்டு. பிறகு நெஞ்சின் மேல்பகுதியில் தோலுக்கடியில் பேட்டரி வைத்து, காதுக்குப் பின்னால் கழுத்து வழியாக வயரை இணைப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில வாரம் கழித்துத்தான் கருவியை முறையாக ஓடவிட்டு, மின்சார அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மாத்திரையைக் குறைத்துப் பார்ப்பார்கள், சரியான அளவு அமைய மாதங்கள் பிடிக்கும். தென்காசியிலிருந்து அத்தனை தடவை யார் கூட்டிப்போவது என்று இப்போதே பேசி வையுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உங்களுக்குப் பக்கம், பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையிலும் செய்கிறார்கள். தனியாரில் பெரும்பாலும் பத்து லட்சத்தைத் தாண்டும், அதில் பெரும்பங்கு கருவியின் விலை. சார்ஜ் செய்ய வேண்டாத பேட்டரி என்றால் மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும், அது சின்ன ஆபரேஷன் என்றாலும் மறுபடி லட்சங்கள். சார்ஜ் செய்யும் வகை பல வருடம் வரும், ஆனால் மறக்காமல் நெஞ்சில் சார்ஜரை வைத்து உட்கார வேண்டும், வீட்டில் அதைக் கவனிக்க ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் பேட்டரி மாற்றுவதற்கும் பணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பின்னால் மூட்டுவலிக்குப் பிசியோதெரபிக்குப் போனால் டயதெர்மி என்ற சூட்டு சிகிச்சையை ஒருபோதும் வைக்கவிடாதீர்கள், கம்பி வழியாகச் சூடு மூளைக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும்.

குணமாகுமா என்று கேட்டீர்கள். ஆகாது. நோய் தன் போக்கில் போய்க்கொண்டுதான் இருக்கும், மாத்திரையும் குறையுமே தவிர முழுக்க நிற்காது. ஆனால் நாளில் பாதி நேரம் விறைத்து உட்கார்ந்திருப்பவருக்குக் கூடுதலாக நாலைந்து மணி நேரம் நடமாட்டம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. ஞாபகப் பரிசோதனை சரியாக வராவிட்டாலும் மாத்திரை நேரத்தைப் பிரித்துக் கொடுப்பது, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுவது, சின்டோபாவின் அளவைச் சீராக்குவது என்று செய்ய நிறைய இருக்கிறது.

இத்தனையையும் நீங்களும் சித்தப்பாவும்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்பா தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து, எந்த மூன்று காரியத்தைத் தானாகச் செய்ய ஆசைப்படுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். தானே குளிக்கணும், ராத்திரி படுக்கையில் புரண்டு படுக்கணும் என்றால் இந்த ஆபரேஷனிடம் அதை எதிர்பார்க்கலாம். பழையபடி கணீரென்று பேசணும் என்பதுதான் முதல் ஆசை என்றால் இது கைகொடுக்காது, அதை அவருக்கு இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்த மூன்றையும் எழுதி வீடியோவோடு டாக்டரிடம் காட்டுங்கள்.