விண்டோஸில் பின்னணியில் தானாக ஓடும் சின்னச் சின்ன புரோகிராம்கள்தான் சர்வீஸ்கள். பாதுகாப்புக்காக எந்த சர்வீஸை நிறுத்தலாம், எதைத் தொடக்கூடாது?

காட்பாடி, ஜெராக்ஸ் கடைக்காரர்: பிரின்ட் ஸ்பூலரை நிறுத்தச் சொல்கிறார்கள் சார். என் பிழைப்பே அதில்தானே?

நீங்கள் நிறுத்த வேண்டாம். பிரின்ட் வேலைகளை வரிசைப்படுத்தி பிரின்டருக்கு அனுப்புவதே ஸ்பூலர்தான். ஸ்பூலர் ஓடாவிட்டால் பிடிஎஃப் ஆகக்கூட பிரின்ட் போகாது. ஆனால் பயம் நியாயமானது. 2010இல் ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் பரவிய வழிகளில் ஸ்பூலரும் ஒன்று. 2021இல் பிரின்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளியானபோது, அதே நெட்வொர்க்கில் சாதாரண லாகின் இருக்கும் ஒருவரே கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் பிடிக்க முடிந்தது. அதனால் பிரின்ட்டே போடாத மெஷினில் அதை டிஸேபிள் செய்துவிடுங்கள். மற்றதில் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

அவரே: பழைய ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் எடுத்தால் ஃபோல்டருக்கு வரவில்லை. சர்வீஸ் பையன் எஸ்எம்பி 1 என்று எதையோ ஆன் செய்து கொடுத்தார்.

இதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் பழைய முறைதான் எஸ்எம்பி 1. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த எஸ்எம்பி 1 வழியாகத்தான். அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தும் பலர் போடவில்லை. கன்ட்ரோல் பேனலில் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' திறந்து எஸ்எம்பி 1 என்று இருக்கும் வரியின் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்கேனை பென்டிரைவில் எடுக்கலாம். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் கடைக்கு வருகிறவர்களின் ஆதார் நகலெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதே அண்ணே.

குடியாத்தம், கல்லூரி மாணவர்: வீடியோ பார்த்து முப்பது சர்வீஸை நிறுத்தினேன். இப்போது வைஃபையே வரவில்லை.

தம்பி, பதறாதே. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் 'சர்வீசஸ் டாட் எம்எஸ்சி' என்று ஆங்கிலத்தில் அடி. 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்', 'டிஹெச்சிபி கிளையன்ட்' இரண்டையும் ஆட்டோமேட்டிக் ஆக்கி ரீஸ்டார்ட் செய். அப்புறம், ஃபயர்வால், விண்டோஸ் அப்டேட் இரண்டையும் நிறுத்தியிருந்தால் உடனே திரும்ப ஆன் செய். பாதுகாப்புக்காகத் தொடங்கிய வேலையில் பூட்டையே கழற்றி வைத்த மாதிரி ஆகிவிடும். இனி ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் நிறுத்து. முதலில் இருந்த நிலையை நோட்டில் எழுதி வை.

ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியை: நிறுத்தினால் வேகம் கூடுமா?

பெரிதாகக் கூடாது அம்மா. வேகத்துக்காக இதில் இறங்க வேண்டாம்.

ஆம்பூர், ஷூ கம்பெனி கணக்காளர்: வீட்டிலிருந்து ஆபீஸ் டேலி கணக்கைப் பார்க்க ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறோம்.

இன்றைக்கே மூடுங்கள். போர்ட் என்பது நெட்வொர்க் வழியாக உள்ளே வரும் வாசல் மாதிரி. 3389, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட். இன்டர்நெட்டில் திறந்து கிடந்தால் ராப்பகலாக பாஸ்வேர்டை முயன்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டிலிருந்து பார்த்தே ஆகவேண்டும் என்றால் விபிஎன் எனும் பாதுகாப்பான தனி இணைப்பைப் போட்டு அதன் வழியாக உள்ளே வாருங்கள். மற்றவர்களின் மெஷினில் ரிமோட் டெஸ்க்டாப்பே தேவையில்லை, அணைத்துவிடலாம்.

சத்துவாச்சாரி, இல்லத்தரசி: எந்த சர்வீஸ் வெளியிலிருந்து வரும் இணைப்புக்குக் காது கொடுத்துக் காத்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி. ரிசோர்ஸ் மானிட்டர் திறந்து, நெட்வொர்க் பக்கத்தில் 'லிசனிங் போர்ட்ஸ்' பாருங்கள். அதில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் உள்ள பிஐடி என்ற அடையாள எண்ணை டாஸ்க் மேனேஜரின் சர்வீசஸ் பக்கத்தில் தேடினால் பெயர் கிடைக்கும். 'ஆர்பிசி' என்று இருப்பதைத் தொடாதீர்கள், அது இல்லாமல் விண்டோஸே ஓடாது. வேறு கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் விண்டோஸ் அமைப்புகளை மாற்ற வழிவிடும் 'ரிமோட் ரெஜிஸ்ட்ரி' ஓடினால் யோசிக்காமல் நிறுத்தலாம், வீட்டுக் கம்ப்யூட்டரில் அதற்கு வேலையே இல்லை.